ரக்னா இடித்த கற்குவியல்

ரக்னாவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். இருந்துவிட்டுப் போகட்டுமே. ஐஸ்லாந்தின் நடுமேட்டில், பனிமலை உருகி இறங்கும் ஆற்றங்கரையில், மலையில் நடக்க வருகிறவர்கள் தங்கும் குடிலை இருபத்திரண்டு கோடையாகப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு வாய் இல்லாவிட்டால் எத்தனை பேர் ஆற்றோடு போயிருப்பார்களோ. மத்தியானத்துக்கு மேல் இறங்காதே, வெயிலில் பனி உருகித் தண்ணீர் ஏறும், விடிகாலையில் கட. குறுகின இடத்தில் ஆழம் அதிகம், ஆறு அகன்று பிரியும் இடமாகப் பார். முதுகுப்பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு இறங்கு, விழுந்தால் பையை உதறிவிடலாம். இத்தனையையும் சூப் ஊற்றும்போதே சொல்லிவிடுவாள். காதில் வாங்காதவனுக்கு இரண்டாம் கரண்டி கிடையாது.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒருவனிடம் மட்டும் ஆற்றைப் பற்றிப் பொய் சொன்னாள். அவன் அவள் புருஷன் ஓட்டார்.

ஓட்டாருக்கு அறுபத்தாறு வயது, கீழே பள்ளத்தாக்கில் ஆட்டுப்பண்ணை. குடிலுக்கு எதிரே ஆற்றின் இரு கரையிலும் ஆளுயரத்துக்கு ஒவ்வொரு கற்குவியல் உண்டு. இலையுதிர் காலத்தில் ஆடு தேடி மலையேறுகிறவர்களுக்காக அவன் அப்பா அடுக்கியவை. அக்கரைக் குவியலிலிருந்து இக்கரைக் குவியலைப் பார்த்து நேராக நடந்தால், மத்தியானத்தில்கூட முட்டிக்கு மேல் தண்ணீர் வராது. அதாவது, போன வருஷம் வரைக்கும்.

இந்த வசந்தத்தில் வந்த வெள்ளம் இக்கரை ஓரத்தை ஆள் ஆழத்துக்கு அறுத்துவிட்டது. சாம்பல் கரைத்த மாதிரித் தண்ணீர், அடி தெரியாது. ஜூன் மாதம் குடிலைத் திறக்க வந்த அன்றே ரக்னா அதைக் கண்டுகொண்டாள். வழி தப்பான குவியலை உடனே இடித்துவிட வேண்டும், இங்கே அது எல்லாருக்கும் தெரியும். அவளுக்குத்தான் கை வரவில்லை. மாமனார் கை பட்ட கற்கள். ஓட்டாரிடம் சொன்னாலோ, வசந்தத்தில்தான் இடுப்பில் ஆபரேஷன் ஆனவன், கல் சுமந்து வேறிடத்தில் அடுக்கக் கிளம்பி வந்துவிடுவான். நடக்க வருகிறவர்களைக் கீழ்த்துறைக்கு அனுப்பினாள். போனில் அவன் ஆறு எப்படி என்று கேட்டபோதெல்லாம் பழையபடிதான் என்றாள்.

ஆகஸ்டில் ஒரு நாள், வெயில் சுள்ளென்று அடித்த பிற்பகல், பாத்திரம் கழுவ வெளியே வந்தவள் அக்கரையில் ஓட்டாரின் சிவப்புத் தொப்பியைப் பார்த்தாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறான் மனிதன். கரைக்கு ஓடி, வராதே என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் வீசினாள். கத்தினால் ஆற்றின் இரைச்சலில் அவளுக்கே கேட்காது.

அங்கேதான் தப்பு. இருபத்திரண்டு வருஷமாக அவன் அக்கரையில் வந்து நிற்கும்போதெல்லாம் அவள் இப்படித்தான் கை வீசி வரவேற்பாள். ஓட்டார் சிரித்தபடி பதிலுக்குக் கை வீசினான். இடுப்புப் பட்டையை அவிழ்த்தான், அப்பா வைத்த குவியலைக் கண்ணில் நிறுத்திக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.

ரக்னா கும்பிட்டாள், தரையில் உட்கார்ந்து காட்டினாள். தன்னைச் சிரிக்கவைக்கிறாள் என்று நினைத்தானோ என்னவோ, வந்துகொண்டே இருந்தான். பாதி ஆறு தாண்டியாயிற்று. இன்னும் இருபது அடி வந்தால் பள்ளம். அவள் திரும்பி ஓடிப்போய் கற்குவியலில் தோளைக் கொடுத்து முட்டினாள். உச்சிக்கல் உருண்டது. அடுத்ததைப் பிடுங்கி எறிந்தாள். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது, அழுதுகொண்டே பிடுங்கினாள். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. குவியல் முழங்கால் உயரத்துக்கு வந்த பிறகுதான் பார்த்தாள்.

ஓட்டார் நடு ஆற்றில் அசையாமல் நின்றிருந்தான். பிறகு, ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கி, அக்கரையில் ஏறி உட்கார்ந்தான்.

ராத்திரி முழுக்க அவன் அந்தக் கரையில், இவள் இந்தக் கரையில். விடிகாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் இறங்கியது. ஆறு நான்காகப் பிரியும் கீழ்த்துறைக்கு இருவரும் அவரவர் கரையோரமாக நடந்தார்கள். ரக்னா காத்திருக்கவில்லை, மூன்று கிளைகளைத் தாண்டி நடுத்திட்டில் அவனைப் பிடித்துவிட்டாள்.

"ஜூன்லயே எனக்குத் தெரியும்," என்றாள். "பழையபடிதான்னு பொய் சொன்னேன். உன்னைக் கொன்னுருப்பேன் ஓட்டார்."

அவன் அவளுடைய பிய்ந்த நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்து வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே வந்து சேர்ந்திருக்கணும்," என்றான். "நாலு மணி நேர வழி. எனக்கு ஒம்பது மணி நேரம் ஆச்சு. இடுப்பு சரியாகல, ரக்னா. இவ்வளவுதான் இனிமேன்னு டாக்டர் சொல்லிட்டார். சொன்னா நீ குடிலைப் போட்டுட்டு ஓடி வந்துடுவே. அதான் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டிருந்தேன். இந்த ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

திட்டத்தான் வாயெடுத்தவள், அவன் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, வலி இருந்த பக்கமாக வந்து நின்றாள்.

"சாஞ்சுக்கோ," என்றாள்.

"நானே நடப்பேன்."

"தெரியும். சாஞ்சுக்கோ."

நாற்பது வருஷக் குடித்தனத்தில் ஓட்டார் யார் மேலும் சாய்ந்து அவள் பார்த்ததில்லை. இப்போது முழுப் பாரத்தையும் அவள் மேல் போட்டான். அவள் தாண்டி வந்த மூன்று கிளைகளையும் குடில் பக்கமாக அப்படியேதான் கடந்தார்கள், நிறைய நேரம் எடுத்துக்கொண்டு.