எல்லோருக்கும் ஒரே அளவு

கேரளத்து நெய்யாற்றின்கரையில் ஒரு மருந்து மொத்த வியாபார நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். எல்லையோரப் பனச்சமூட்டிலிருந்து பஸ்ஸில் போய்வந்தேன். யாருடைய மெயில் பெட்டிக்கு எவ்வளவு இடம் என்று வைப்பதும் என் வேலை. கிடங்கு ஊழியர்களுக்குச் சின்னப் பெட்டி, மேலதிகாரிகளுக்கு எல்லையே கிடையாது. நான் சேருவதற்கு முன்பே அப்படித்தான் இருந்தது.

கிடங்கில், திரும்பி வரும் மருந்துகளைக் கவனிக்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். உடைந்த பாட்டில், நனைந்த அட்டை எல்லாவற்றையும் கடைக்காரர்கள் படம் எடுத்து அவளுக்குத்தான் அனுப்புவார்கள். ஒருநாள் அவள் பெட்டி நிரம்பிவிட்டது. குழந்தைகளின் இருமல் மருந்து ஒன்றை விற்க வேண்டாம் என்று தயாரிப்பாளர் அனுப்பிய மெயில் உள்ளே நுழைய முடியாமல் திரும்பிப் போனது. நல்லவேளை, அனுப்பியவர் போனில் கூப்பிட்டுச் சொன்னார். அக்கா ஓடிப்போய், கிளம்பவிருந்த வண்டியை மறித்து, மருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கினாள்.

அதற்கு அவளுக்குக் கிடைத்தது ஒரு மெமோ. மெயில் பெட்டியைச் சுத்தமாக வைத்திருக்கவில்லையாம்.

"நான் எத மக்கா அழிக்கியது? படம் இல்லேண்ணா கடைக்காரன் என்னெ கள்ளிண்ணு சொல்லுவான்," என்றாள்.

மறுநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, சர்வரில் இடம் போதவில்லை, கிடங்குக்காரர்களின் அளவைப் பாதியாக்கு என்றார். எடுத்துப் பார்த்தேன். கிடங்கு மொத்தத்தையும்விட அவருடைய பெட்டி ஒன்றே பெரிது. புதுவீட்டில் பால் காய்ச்சிய வீடியோ மட்டும் பதினொன்று. காட்டினேன். "சொன்னதச் செய்," என்றார்.

நான் செய்யவில்லை. எல்லோருக்கும் ஒரே அளவு, நிரம்பினால் அனுப்ப முடியாது, ஆனால் வருகிற மெயில் யாருக்கும் நிற்காது என்று எழுதி, ஒரு வாரம் முன்னதாகவே அனைவருக்கும் அறிவிப்பு அனுப்பினேன். மேலாளர் அதைத் திறக்கவே இல்லை.

எட்டாம் நாள் காலையில் அளவை மாற்றினேன்; சற்று நேரத்தில் அவர் என் மேஜைக்கு வந்து நின்றார். "எனக்க மெயில் போவல்ல. தொறந்து விடு."

"கொஞ்சம் அழிச்சா தானா போவும் சார்."

"நீ ஆராணெந்நா விசாரம்?" நீ யாரென்று நினைப்பு என்று கேட்டார்; கோபம் வந்தால் அவருக்கு மலையாளம்தான். பிறகு தமிழுக்கு வந்தார். "ஒனக்கு இங்க வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணும் சார். அதுக்காக்கும் ஒழுங்கா செய்யுதேன். உங்களுக்கு இவ்வளவு, கிடங்குக்கு இவ்வளவுண்ணு எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாங்க. இப்பமே மாத்துதேன்."

அவர் எழுதித் தரவில்லை. எழுதினால் அந்தக் காகிதத்தோடு இருமல் மருந்து விஷயமும் முதலாளிவரை போகும் என்று அவருக்குத் தெரியும். அன்று முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோக்களை அழித்தார்.

சாயங்காலமே எனக்கும் மெமோ வந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். 'செய்தது சரி. மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

அந்த மாதமே காட்டாக்கடைக் கிளைக்கு என்னை மாற்றினார்கள்.

"என்னாலயாக்கும் ஒனக்கு இது," என்று அக்கா வருத்தப்பட்டாள்.

"உங்களால இல்லக்கா. இது எனக்க வேலை. நான் செய்தேன்."

நான் வைத்த அளவை இன்றுவரை யாரும் மாற்றவில்லை. எனக்குத்தான் இப்போது இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கிறது. மாறிப் போகிறேன்.