கிதார்க்காரரின் பலகை

எங்கள் பாட்டுக் கச்சேரிக் குழுவில் நான் கீபோர்டு வாசித்தபோது அவர் கிதார் வாசித்தார். ஒல்லியான மனிதர். சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். கிதாரின் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் நான்கு பெடல்களையும் ஒரு சாய்வுப் பலகையில் வெல்க்ரோ பட்டையால் ஒட்டி வைத்திருந்தார். கச்சேரிக்கு முன் பலகையைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்ப்பார். ஒன்றும் விழாது.

குழுத் தலைவருக்கு அவரை அனுப்பிவிட்டுத் தன் மச்சானைச் சேர்க்க ஆசை. அதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. மணலூர்பேட்டைத் திருவிழாவில், உதறிப் பார்த்துவிட்டு அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், தலைவர் சொன்னபடி ஒரு பெடலின் அடியிலிருந்த பட்டையை நான் உரித்தெடுத்தேன். குழுவில் என் கீபோர்டு வேலை போய்விடக் கூடாது என்று எனக்கு இருந்தது.

இரண்டாவது பாட்டில் அவர் மிதித்ததும் பெடல் சரிந்து விழுந்தது, ஒயர் பிடுங்கிக்கொண்டது. கிதார் ஊமையானது. தலைவர் மைக்கில், "அண்ணன் வூட்டுக்குக் கெளம்பிக்கினு இருக்காரு, கை தட்டுங்க" என்றார். கூட்டம் சிரித்துக்கொண்டே தட்டியது.

அவர் பலகையைப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பட்டைய உரிச்ச பிசின் வெரல்ல ஒட்டிக்கினு இருக்குது தம்பி. தேங்கா எண்ண போட்டுத் தொடைங்க. கீபோர்டுல பட்டா கட்டை சிக்கிக்கும்."

நான் கையை மறைத்துக்கொண்டேன். அவர் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார்.

கோபத்தில் சொன்னாரா, என் கீபோர்டை நினைத்துத்தான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அவர் வீடு கள்ளக்குறிச்சியில்தான். போய்க் கேட்க எனக்குத் துணிவில்லை.