பெயர் ராவிய கேமரா

என் முதல் கேமரா பறிபோனது யானைக்கவுனியில். கல்யாண ஆர்டர் முடித்துவிட்டு நடந்து வந்துகொண்டிருந்தேன். இரண்டு பேர் மறித்தார்கள். கழுத்தில் தொங்கியதை ஒருவன் தூக்கி, அதன் நெற்றியிலிருந்த வெள்ளை எழுத்தைப் படித்தான். "மாமு, ஜப்பான் சரக்குடா" என்றான். அதற்குப் பிறகுதான் கத்தி வெளியே வந்தது. வாரை அறுத்தபோது தடுக்கப்போன என் முழங்கையும் சேர்ந்து கிழிந்தது. அந்த எழுத்து இல்லாமலிருந்தால் டப்பா கேமரா என்று விட்டுத் தொலைத்திருப்பான்.

அதனால் அடுத்த கேமராவைப் பழசாக வாங்கிய அன்றே அரத்தை எடுத்துப் பெயரை ராவித் தள்ளினேன். கறுப்புப் பூச்சுக்குக் கீழே பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. மேலே பெயிண்ட் அடித்தேன். அசிங்கமாகத்தான் இருந்தது. விசேஷ வீடுகளில், "இன்னா நைனா, கேமராவுக்கு மொட்ட போட்டுகிற?" என்பார்கள். உன் மூஞ்சி ஒழுங்காக விழுந்தால் போதாதா என்பேன்.

அன்றைக்கு எண்ணூரில் ஒரு காதுகுத்து. முடித்துவிட்டு பஸ்ஸில் ராயபுரம் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் ஒரு தொழிற்சாலை வாசலில் வேலைநிறுத்தம் செய்த கான்ட்ராக்ட் ஆட்கள் ரோட்டை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். பஸ் நின்றுவிட்டது. டீ குடிக்க இறங்கினேன்.

டீ வருவதற்குள் ஒரு வேன் வந்தது. கம்பெனி பிடித்து அனுப்பிய அடியாட்கள். கையில் சைக்கிள் செயின், இரும்புக் குழாய். உட்கார்ந்திருந்தவர்களை எழுந்திருக்கக்கூட விடாமல் அடித்தார்கள். மூட்டை தூக்கும் ஆள் ஒருவர் கையை ஊன்றி எழப் பார்த்தார். குழாய் அவர் மண்டையில் இறங்கியது. சத்தம் டீக்கடை வரை கேட்டது. விழுந்தவரைக் குழாய் வைத்திருந்தவன் மறுபடியும் அடித்தான். நான் எடுத்தேன். அடித்தவன் முகம், ஓங்கிய குழாய், ரத்தத்தில் கிடந்தவர், எல்லாம் ஒரே படத்தில்.

விழுந்தவரின் மனைவி ஓடி வந்தாள். என் கையிலிருந்த கேமராவைப் பார்த்துக் கத்தினாள். "அண்ணா, அவன் மூஞ்சிய எடு! வுடாத!"

"எடுத்துட்டேம்மா."

வேன் போய்விட்டது. அவள் புருஷன் தலையை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்காகக் கதறினாள். அடி வாங்கியவர்கள் திருப்பி அடிக்க எதிரில் ஆள் இல்லை. கேமராவோடு நான் இருந்தேன்.

வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து கம்பெனி ஆள் ஒருவன் வந்து வாசலில் இருப்பவர்களைப் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். படத்தில் மாட்டியவனுக்கு வேலை போனது. சிலரை வீடு தேடிப் போய் அடித்திருக்கிறார்கள். அந்தக் கம்பெனியில் நாற்காலி, வாளி, குடை என்று எதை வாங்கினாலும் வெள்ளைப் பெயிண்டில் பெயர் எழுதிவிடுவார்களாம். அவன் கேமராவிலும் எழுதியிருந்ததாம். இதெல்லாம் உதை வாங்கிய பிறகு எனக்குத் தெரிந்தது.

அடி வாங்கியவர்களில் ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். "யார்றா அனுப்சது உன்ன?"

"ராயபுரத்துல ஸ்டுடியோ வச்சிகிறேன். காதுகுத்துக்கு வந்தேன்."

"காதுகுத்தா? எங்களுக்கே குத்துறியா?" கேமராவைத் திருப்பி நெற்றியைத் தடவினான். விரலுக்கு மேடுபள்ளம் தெரிந்துவிட்டது. "டேய், இங்க பாருங்கடா! கம்பெனி பேர சொரண்டிட்டு வந்துகிறான்!"

"அது கேமரா பேருடா! நான்தான் ராவினேன்!"

"காசு போட்டு வாங்கினத எவன்டா சொரண்டுவான்?"

முதல் அடி வாயில். ஒரு பல் நாக்குக்கு வந்துவிட்டது. கீழே தள்ளி விலாவில் உதைத்தார்கள். கேமராவின் பின்மூடியை அவன் நெம்பினான்.

"தொறக்காத! உங்காள அட்ச்சவன் அதுல கீறான்!"

"எங்க மூஞ்சியும் கீதுல்ல?"

குடலை உருவுவது போல ஃபிலிமை உச்சி வெயிலில் உருவிப் போட்டான். அவன், மண்டை உடைந்தவரின் கூடப்பிறந்த தம்பி.

புருஷனை ஆட்டோவில் ஏற்றிவிட்டு என்னைத் தேடி வந்த அவள், ரோட்டில் கிடந்த சுருளைப் பார்த்தாள். மண்ணோடு அள்ளினாள்.

"கழுவுனா வருமாண்ணா?"

"வராதும்மா. வெயில் பட்டா எல்லாம் போச்சு."

சுருளைப் போட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். கொழுந்தன் முகத்தில் மாறி மாறி அடித்தாள். "உங்கண்ணன அட்ச்சவனக் காப்பாத்திட்டியேடா, பொறம்போக்கு!" அவன் கையைத் தூக்கவில்லை. எவனும் தடுக்கவில்லை. அவள் ஆட்டோவைப் பார்த்து ஓடினாள்.

அவர் பிழைத்தார். பேச்சு போய்விட்டது. லாரியிலிருந்து தவறி விழுந்தார் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. வீங்கின வாயோடு போலீஸ் ஸ்டேஷனுக்குச் சாட்சி சொல்லப் போனேன். "படம் இருக்கா?" என்றார்கள். இல்லை என்றேன். "அப்ப கிளம்பு" என்றார்கள். காதுகுத்துப் படங்களும் அதே சுருளில் போனதால் அந்த வீட்டுக்காரன் என் ஸ்டுடியோவுக்கே வந்து திட்டினான். அவன் அம்மாவையும் சேர்த்துத் திருப்பித் திட்டினேன்.

கொஞ்ச நாள் கழித்து அந்த வாசல் வழியாகப் போனேன். குழாயால் அடித்தவன் செக்யூரிட்டி உடுப்பில் நின்று லாரிக்குக் கேட் திறந்துவிட்டுக்கொண்டிருந்தான்.