அரைப் பீப்பாய்ச் சுண்ணாம்பு

என் அம்மாவின் வலது கண் போனதற்கு நீங்கள்தான் காரணம், தலைமை ஆசிரியரே. உங்கள் பாராட்டு விழா மலருக்கு நினைவுக் குறிப்பு கேட்டிருக்கிறார்கள். உங்களை நினைத்தால் எனக்கு முன்னால் வந்து நிற்பது பாதியாக வெட்டிய ஒரு தார்ப் பீப்பாய்தான். அதையே எழுதுகிறேன்.

பதினோராம் வகுப்பில் எங்களுக்கு வேதியியலும் நீங்களே எடுத்தீர்கள். நீர்த்த அமிலத்தில் முட்டை ஓட்டைத் துண்டாகப் போட்டீர்கள்; சோம்பலாக நுரைத்தது. அதே ஓட்டைப் பொடித்துப் போட்டதும் குடுவை விளிம்பைத் தாண்டி வழிந்தது. துகள்கள் மோதினால்தான் வினை நடக்கும், அதுவும் போதுமான வேகத்தில் மோத வேண்டும், இல்லாவிட்டால் சும்மா விலகிப் போய்விடும் என்றீர்கள். பொடித்தால் மோத இடம் அதிகம். சூடாக்கினால் வேகம் அதிகம். நன்றாகத்தான் நடத்தினீர்கள். அதனால்தான் உங்களை மன்னிக்க முடியவில்லை.

கரும்பு வெட்டு இல்லாத நாட்களில் அம்மா வெள்ளையடிக்கக் கூலிக்குப் போவார். அந்த வாரமே நம் பள்ளிக்கு வந்தார். சுட்ட சுண்ணாம்புக் கல்லை ஒவ்வொன்றாகப் பச்சைத் தண்ணீரில் போட்டு ஒரு நாள் விட்டுவிடுவது அவர் வழக்கம். மறுநாள் அதிகாரி வருகிறார் என்று உங்களுக்கு அவசரம். கல்வராயன் மலையைப் பார்த்த ஜன்னல் வழியாக எங்களுக்கு எல்லாம் கேட்டது.

“கல்லா போட்டா நாளைக்குத்தான் ஆவும். இடிச்சி சுடுதண்ணியில கொட்டு.”

“வேணாங்க சார். மூஞ்சிமேல பொங்கிக்கினு வரும்.”

“இன்னாம்மா, எனக்கே பாடம் எடுக்கிறியா? அப்ப நீ கிளாசுக்குப் போ, நான் வெள்ளையடிக்கிறேன்.”

வகுப்பே சிரித்தது. அம்மா இடித்தார். வெந்நீர்ப் பீப்பாயில் கூடையைக் கவிழ்த்தார். வெள்ளைக் குழம்பு சீறிக்கொண்டு முகத்தில் அடித்தது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. ‘கூலிப் பெண்ணின் அஜாக்கிரதை’ என்று மேலிடத்துக்கு எழுதினீர்கள். விசாரிக்க வந்தவரிடம் நான் வாயைத் திறக்கவில்லை. செய்முறைத் தேர்வு மதிப்பெண் உங்கள் கையில் இருந்தது. அந்த வெட்கம் என்னுடையது. இங்கே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

அம்மா இன்றும் சொல்வது ஒன்றுதான். “கண்ணு போனா போவட்டும். எனக்கு வேல தெரியாதுன்னு எழுதிட்டாரே.”

போன வாரம் போய்ப் பார்த்தேன். பள்ளிக்குப் பின்னால் அந்தப் பீப்பாய் துருப்பிடித்துக் கிடக்கிறது. அடியில் சுண்ணாம்பு கல்லாக இறுகியிருக்கிறது. விழாவுக்கு அம்மாவை அழைத்து வருகிறேன். முன்வரிசையில் உட்காருவார். மைக்கைக் கையில் வாங்கியதும், நன்றி சொல்வதற்கு முன், ஊருக்கே கேட்கும்படி பதில் சொல்லுங்கள். இடிக்கச் சொன்னது யார்? பொங்கும் என்று சொன்னது யார்?