புஷ்கர் சந்தையில் வெள்ளைத் தலைப்பாகை

விசைத்தறித் துணிக்கு சேல்ஸ்மேனாக நான் போன முதல் வெளியூரே ராஜஸ்தானத்துப் புஷ்கர்தான். எழுபதுகளின் கடைசி. கார்த்திகை மாதத்து ஒட்டகச் சந்தை. என்னிடம் இருந்தது இரண்டு பேல் கட்டு வெள்ளைத் துணியும் இருபது வார்த்தை இந்தியும்.

"அங்கன ஆம்பள அத்தன பேரும் தலப்பா கட்டுதானுவ. ஒரு தலைக்கு ஒம்பது மீட்டர் துணி. பேல் திரும்பி வந்துச்சுன்னா எட்டுத் தறிய நிறுத்த வேண்டியதுதான், பாத்துக்கோ" என்று சொல்லித்தான் முதலாளி அண்ணாச்சி சங்கரன்கோவிலில் ரயில் ஏற்றிவிட்டார். அந்த எட்டில் ஒன்றை ஓட்டியவர் என் அப்பா.

எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் வளர்ந்த நானே அங்கே வாயைப் பிளந்தேன். கண்ணுக்கு எட்டிய வரை மணலும் ஒட்டகமும். முடியைக் கத்தரித்தே ஒட்டகத்தின் உடம்பில் பூ வேலை செய்திருந்தார்கள். கழுத்தில் பாசிமணி, காலில் சலங்கை. நம் ஊர்க் கல்யாணப் பெண்ணுக்குக்கூட அத்தனை அலங்காரம் கிடையாது.

ஆனால் துணி ஒரு முழம் போகவில்லை. தொட்டுப் பார்த்து, "அச்சா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்கள். கட்டிக் காட்டினால்தான் எடுபடும் என்று நினைத்து, ஒன்பது மீட்டரையும் என் தலையிலேயே சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

உடனே சனங்களின் அன்பு பெருகியது. பெரிய மீசைக்கார ஒட்டக வியாபாரி வந்து தோளை அழுத்திவிட்டுப் போனார். டீக்கடைக்காரர் காசு வாங்க மறுத்தார். செக்கச்செவேல் என்று முக்காடு போட்ட ஒரு கிழவி என் கன்னத்தைத் தடவி அழுதேவிட்டாள். என்ன தங்கமான மனுசங்க என்று உருகிப்போனேன். வியாபாரம்தான் இல்லை.

மறுநாள் எங்கள் ஏஜெண்ட் வந்தார். மதுரையில் பல வருடம் துணிக்கடை வைத்திருந்த மார்வாடி, தமிழ் நன்றாகப் பேசுவார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"தம்பி, அப்பா எப்ப தவறினாரு? ஒரு தந்தி குடுக்கக் கூடாதா?"

"எங்கப்பாவா? அவரு தறி ஓட்டிக்கிட்டுல்லா இருக்காரு!"

பேல் மேலேயே உட்கார்ந்து சிரித்தார் மனுசன். "எங்க பக்கம் அப்பா செத்தாத்தான் மகன் வெள்ளைத் தலப்பா கட்டுவான் தம்பி. திருவிழாவுக்கு வந்தவன் கலர்தான் கேப்பான்."

நம் ஊரில் மாப்பிள்ளைக்கே வெள்ளை வேட்டிதான். அந்தப் பழக்கத்தில் ஒன்றரை நாளாக அப்பாவுக்குத் துக்கம் அனுசரித்திருக்கிறேன்! தலைப்பாகையைப் பிடுங்கி எறிந்தேன்.

சிரித்து முடித்ததும் அவர் என்னைச் சந்தையின் ஓரத்தில் இருந்த சாயக்காரர்களிடம் கூட்டிப்போனார். அண்டா அண்டாவாகச் சாயம் கொதித்தது. முக்குவதற்குத்தான் வெள்ளைத் துணி போதவில்லை. ஒரு துண்டை நனைத்துப் பார்த்த சாயக்காரர் ஒருவர், கஞ்சி குறைவு, சாயம் நன்றாகப் பிடிக்கும் என்று தலையாட்டினார். இரண்டு பேலும் அங்கேயே போய்விட்டது. சாயங்காலம் சந்தையில் எங்கள் துணி மஞ்சளும் சிவப்புமாகத் தலை தலையாக நடமாடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டீக்கடைக்காரரிடம் அப்பா உயிரோடு இருக்கிற விஷயத்தை எப்படியோ புரியவைத்தேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, முந்தின நாள் டீக்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொண்டார்.

சேல்ஸுக்குப் போகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்லுவேன். புது ஊரில் யாரும் விலை பேசாமல் அன்பு மட்டும் காட்டினால், காரணத்தைக் கேட்டுவிடுங்கள்.

ஊருக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தறியை நிறுத்தினார். திட்டப்போகிறார் என்றே நினைத்தேன்.

"ஏலே, முகம் தெரியாத எனக்காக ஒருத்தி அழுதிருக்கா. அடுத்த வருசம் போகும்போது அவளுக்கு ஒரு சேலை கொண்டு குடு" என்றார். தறியை ஓட்டப் போனவர் திரும்பினார். "செவப்பா எடுத்துட்டுப் போலே. வெள்ளைய கிள்ளைய நீட்டிராத."