கறுப்புக்குள் இருந்து வந்த அம்மா

அண்ணாவின் கல்யாணப் பைகளில் அச்சடிக்க, சாம்பல் நிறமே இல்லாத சுத்தக் கறுப்பு வெள்ளைப் படம் வேண்டும் என்று அச்சகத்தில் சொன்னார்கள்.

அண்ணாவும் அண்ணியும் களவாகக் காதலித்த காலத்தில் வெள்ளவத்தைக் கடற்கரையில் எடுத்த செல்ஃபியை இன்று அப்படி மாற்றினேன். வெயிலில் நின்ற அண்ணி தெளிவாக வந்தார். நிழலில் நின்ற அண்ணா முழுக்கக் கறுப்பாகிவிட்டார்.

"மாப்பிள்ளை எங்க?" என்று அண்ணி சிரித்தார்.

எது கறுப்பு, எது வெள்ளை என்று பிரிக்கப் படம் முழுவதற்கும் ஒரே அளவு வைக்காமல், ஒவ்வொரு இடத்தையும் அதைச் சுற்றியுள்ள வெளிச்சத்தோடு ஒப்பிட்டு மாற்றினேன். அண்ணா வந்தார். அவருக்குப் பின்னால் குடையோடு அம்மாவும் வந்தார்!

"அம்மா, எங்கட விஷயம் உங்களுக்கு அண்டைக்கே தெரியுமா?" அண்ணா அலறினார்.

"ஓம், கண்டனான். நல்ல பிள்ளையாத் தெரிஞ்சது. பேசாமப் போயிட்டன்."

அண்ணி ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டார். மூன்று பேரையும் அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

உங்கள் பழைய செல்ஃபிகளின் நிழலில் யார் நிற்கிறார்கள்? தைரியமிருந்தால் பார்த்துச் சொல்லுங்கள்.