பச்சைப் புள்ளி ஒட்டிய பெட்டிகள்

பேரங்காடி என்றாலே மார்த்தாவுக்குக் குமட்டும். நவம்பர் பிறந்ததும் பிறக்காததுமாகப் பஞ்சு ஒட்டிய பிளாஸ்டிக் மரத்தைக் கொண்டுவந்து நட்டுவிடுவார்கள். வேர்த்து வழிகிற ஊரில் பனிமான்கள் பாய்ந்துகொண்டிருக்கும். இத்தனை அசிங்கத்தையும் பொறுத்துக்கொண்டு அவள் ஒவ்வொரு டிசம்பரும் ஜெலுத்தோங்கிலிருந்து பஸ் பிடித்துக் கொம்தார் பேரங்காடிப் பக்கம் வந்துவிடுவாள். தம்பி கிளிஃபர்ட் குடும்பத்துக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக ஒரு போர்ட் கேம் வாங்க வேண்டும்.

அதைப் பொறுக்குவதற்குள் கடைக்காரனுக்குத் தாவு தீர்ந்துவிடும். கிளிஃபர்டுக்கு ஐம்பத்திரண்டு வயது. தோற்றால் பலகையைக் கவிழ்த்துவிடும் புத்தி மட்டும் ஏழு வயதோடு நின்றுவிட்டது. அவன் மனைவி ஷெரில் வங்கியில் அதிகாரி. தான் சொல்வதுதான் சரி என்று நிரூபிக்காமல் விடமாட்டாள். மகள் நட்டாலி கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். அரை மணி நேரத்துக்கு மேல் எதிலும் நிலைக்க மாட்டாள். மூன்று பேருக்கும் ஒத்துவருகிற ஆட்டம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பெரிய பெட்டியைத் தூக்கி ஆட்டிப் பார்த்தால் பாதி காற்று. அட்டையில் ஒரு குடும்பம் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே அவளுக்கு எரியும்.

வாங்கியதை அப்படியே கொடுத்துவிடுகிற ஆளும் அவள் இல்லை. பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவள். அவள் கை படாமல் ஒரு தட்டுச் சாமான்கூடக் கப்பல் ஏறியது கிடையாது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மார்த்தா, கொடுப்பதற்கு முன்னால் தானே பல்லைப் பிடித்துப் பார்த்துவிடுவாள். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் உறையை உரித்து, காய்களை எண்ணி, பகடையை ஐம்பது தடவை உருட்டி, சீட்டுகளில் மடிப்பு இருக்கிறதா என்று விளக்கடியில் பார்ப்பாள். பொடி எழுத்தில் பதினாறு பக்கம் அச்சடித்திருக்கும் விதிகளைச் சுருக்கி ஒரே தாளில் கொட்டை எழுத்தில் எழுதி உள்ளே வைப்பாள். கடைசியில் பெட்டியின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி ஒட்டுவாள். தொழிற்சாலையில் பச்சை என்றால் தேறியது. ஒருமுறை ஒரு பெட்டியில் பகடையே இல்லாமல் இருந்ததைக் கண்டுபிடித்துக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டு மாற்றி வந்தாள். அந்தப் பெருமையைத் தம்பி வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. சாமான் சரியாக இருப்பதைப் போய்ச் சொல்லிக்கொண்டு திரிவார்களா என்ன?

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கிறிஸ்துமஸ் மதியம் ஆயர் ஈத்தாமில் தம்பி வீட்டுச் சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு நாற்காலியில் போனோடு கவிழ்ந்துவிடுவார்கள். கட்டிக்கொள்ளாமல் தனியாகவே இருந்துவிட்ட மார்த்தாவுக்கு வருடத்தில் அந்த ஒரு நாள்தான் குடும்பம் என்று பெயர். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு நாலு மணிக்குப் புறப்படுவாள். ஒரே மேசையைச் சுற்றி நாலு பேரும் ஒருமுறை உட்கார்ந்து ஆட வேண்டும், அவ்வளவுதான். ஆறு வருடமாகப் பெட்டி கொடுக்கிறாள். "ஐயோ நல்லாருக்கு லா அக்கா, சாயங்காலம் விளையாடலாம்," என்பாள் ஷெரில். அந்தச் சாயங்காலம் வந்தபாடில்லை. கூட வேலை பார்த்த ஜெயலெட்சுமிக்குத் தீபாவளிக்குக் கொடுத்த பெட்டியோ ஆடி ஆடி ஒரே மாதத்தில் மூலை கிழிந்து நூல் கட்டிக் கிடந்தது. அதை நினைத்துத்தான் மார்த்தா மனம் தளராமல் இருந்தாள்.

போன டிசம்பரில், திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வந்தாள். பிள்ளைகள் இல்லம் ஒன்றுக்கு அனுப்புவதற்காகக் கோயில் வாசலில் மேசை போட்டுப் பரிசுப் பொருள்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மேசைக்குப் பொறுப்பு பெஞ்சமின். நிபோங் திபாலிலிருந்து குடிமாறி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இந்தப் பங்கில் யார் யாருக்கு உறவு என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. மேசைக்கடியில் நான்கு பெட்டிகள் தனியாக ஒதுங்கிக் கிடந்தன. நான்கிலும் பச்சைப் புள்ளி.

"இத ஏண்ணே ஒதுக்கி வச்சிருக்கீங்க?" என்றாள். குரல் எப்படிச் சாதாரணமாக வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"அது பழசும்மா. சீல் ஒடஞ்சிருக்கு பாருங்க. ஸ்டிக்கர் வேற. லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில இப்படித்தான் வெலைக்கு ஒட்டுவாங்களாம்."

"யாரு குடுத்தது?"

"அந்த பேங்க்ல வேலை செய்றவங்க, வெள்ளக் காடி ஓட்டிக்கிட்டு வருவாங்களே, ஷெரில். சொந்தத்துல ஒருத்தவங்க வருசா வருசம் பழைய சாமானா பாத்துத் தலையில கட்டுறாங்களாம். எவன் கை பட்டதோ, தொடவே அருவருப்பா இருக்குன்னாங்க. பாவம், மொகத்துக்கு நேரா சொல்ல முடியுமா?"

மார்த்தா ஒரு பெட்டியைத் திறந்தாள். அவள் எழுதிய தாள் அவள் மடித்த மடிப்பிலேயே இருந்தது. காய்களுக்குப் போட்ட ரப்பர் வளையத்தை ஒருவரும் கழற்றவில்லை.

"நான் எடுத்துக்கவா?"

"தாராளமா. வூட்டுல சின்னப் புள்ளைங்க இருந்தா காயெல்லாம் சுடுதண்ணில கழுவிட்டுக் குடுங்க," என்று சொல்லிவிட்டு, பெஞ்சமின் பாவம், கையைத் துடைத்துக்கொள்ள அவளுக்கு ஒரு டிஷ்யூவும் நீட்டினார்.

பஸ்ஸில் மடிமேல் நான்கு பெட்டிகளை அடுக்கிக்கொண்டு வந்தாள். மீதி இரண்டும் எங்கே போனதோ. பழசு என்று நினைத்ததைக்கூட மன்னித்துவிடலாம். ஆறு வருடமாக ஷெரில் ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு கையாலும் வாங்கி, நெஞ்சோடு அணைத்து, போட்டோவுக்கு நின்று சிரித்தாளே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுவது என்றால் இப்படியா? "ஏன்க்கா ஒடச்சிருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளே. அவளுடைய தம்பி வாய்க்கு என்ன வந்தது? சந்தையில் பொறுக்கிக் கொடுக்கிற ஆளா அவன் அக்கா?

மறுநாளே மறுபடி கடைக்குப் போனாள். ஏட்டிக்குப் போட்டியாகத்தான் போனாள். இந்தத் தடவை பொறுக்கியது, யாரும் யாரையும் தோற்கடிக்க முடியாத ஆட்டம். ஊரில் வெள்ளம் ஏறிக்கொண்டே வரும். எல்லோரும் ஒரே கட்சியாகச் சேர்ந்து, எந்தப் பாலத்தை மூடுவது, எங்கே மண்மூட்டை போடுவது என்று கலந்து பேசி ஊரைக் காப்பாற்ற வேண்டும். பிழைத்தால் எல்லோரும் பிழைப்பார்கள். உறையை உரிக்கவில்லை. காய்களை எண்ணவில்லை. தாள் எழுதவில்லை. வாழ்க்கையிலேயே முதன்முறையாகச் சோதிக்காத சாமான் ஒன்றை வெளியே அனுப்பினாள். நாலு நாள் கை அரித்துக்கொண்டே இருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று நெய்ச்சோறும் ஆட்டுக்கறிப் பெரட்டலும் முடிந்தபின் ஷெரில் பரிசுத்தாளைக் கிழித்தாள். பளபளவென்று பிளாஸ்டிக் உறை தெரிந்தது. அவளுடைய கட்டைவிரல் நான்கு மூலைகளையும் தடவிப் பார்த்தது. முகம் மலர்ந்தது, இந்தத் தடவை நிஜமாகவே.

"அக்கா, ரொம்ப நல்லாருக்குக்கா," என்றாள்.

"பிரிக்கவாம்மா?" என்று நட்டாலி கேட்டாள்.

"அப்புறம் பாக்கலாம்," என்று ஷெரில் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மார்த்தா எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனபோது, பெட்டி அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஷெரில் முதுகைக் காட்டியபடி கிளிஃபர்டிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"நட்டாலிகிட்டச் சொல்லு, பிரிச்சிடப் போறா. நியூ இயருக்கு மேனேஜர் வூட்டுக்கு என்னா கொண்டு போறதுன்னு இருந்தேன். இத்தன வருசத்துல இப்பத்தான் ஒங்க அக்கா வெளிய குடுக்குற மாதிரி ஒண்ணு வாங்கியிருக்காங்க."

கிளிஃபர்ட் தலையை ஆட்டினான். அந்த ஆட்டத்தில்தான் மார்த்தாவுக்கு எல்லாம் விளங்கியது. பழசானாலும் புதுசானாலும் இந்த வீட்டில் யாரும் எதையும் ஆடப்போவதில்லை. சீல் உடைந்த பெட்டி கோயில் மேசைக்கு, உடையாதது மேனேஜர் வீட்டுக்கு. சீ என்று ஆகிவிட்டது அவளுக்கு.

தட்டுகளைத் தொட்டியில் போட்டாள். கையைக் கழுவினாள். ஷெரிலைத் தாண்டிக் கையை நீட்டிப் பெட்டியை இறக்கினாள்.

"அக்கா, என்னா செய்றீங்க?"

மார்த்தா பெட்டியோடு கூடத்துக்குப் போனாள். சாப்பாட்டு மேசையில் கேக் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, உறையில் நகத்தைக் கொடுத்து ஒரே இழுப்பாகக் கிழித்தாள். ஷெரில் அடுக்களை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

"கோயில் மேசையில நாலு பெட்டியும் பாத்தேன்," என்றாள் மார்த்தா. "அது சந்தையில வாங்குனது இல்ல. கொம்தார்ல புதுசா வாங்கி, எல்லாம் சரியா இருக்கான்னு நானே பிரிச்சு எண்ணிட்டு ஒட்டுன புள்ளி அது. இத நான் எண்ணல. இருந்தாலும் பிரிச்சாச்சு. இனிமே மேனேஜர் வூட்டுக்குக் கொண்டு போக முடியாது. உக்காருங்க."

நட்டாலிதான் முதலில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கிளிஃபர்ட் மனைவியின் முகத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், பிறகு நாற்காலியை இழுத்தான். ஷெரில் கழுத்துவரை சிவந்துபோய் மேசையின் மறுகோடியில் அமர்ந்தாள்.

பேசினால்தான் பிழைக்க முடிகிற ஆட்டம். நாலு பேரும் வாயைத் திறக்காமல் ஆடினார்கள். ஆளுக்கொரு பக்கம் மண்மூட்டை போட்டார்கள். கிளிஃபர்ட் பாலத்தைத் திறந்தே வைத்திருந்தான். தண்ணீர் நாலாவது சுற்றிலேயே சந்தையை விழுங்கியது, ஆறாவதில் பள்ளிக்கூடம் போனது. பத்து நிமிடத்தில் ஊர் மொத்தமும் முழுகிவிட்டது. ஆறு வருடமாக ஏங்கியது இதற்குத்தானா என்று மார்த்தாவுக்கு வெறுத்துவிட்டது. நாலு பேர், ஒரு மேசை, எல்லாம் அவள் கேட்டபடிதான் இருந்தது. வாயில் வைக்க விளங்கவில்லை.

"முடிஞ்சிருச்சா?" என்றான் கிளிஃபர்ட், தப்பித்தவன் குரலில்.

ஷெரில் பலகையையே முறைத்துக்கொண்டிருந்தாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

"அந்தப் பாலத்த ரெண்டாவது ரவுண்டுலயே மூடியிருக்கணும்," என்றாள் யாரையும் பார்க்காமல். "பள்ளிக்கூடமாவது மிஞ்சியிருக்கும்."

மார்த்தா பலகையைப் பார்த்தாள். ஷெரில் சொன்னது சரிதான். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. சீட்டுகளை வாரிக் கலைத்து, மறுபடியும் நாலு பங்காகப் போட்டாள்.